பாதியில் நின்ற பாடங்கள்

2012ஆம் ஆண்டு மார்ச் மாதம், அமெரிக்காவிலுள்ள மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் தன் பாடங்களுள் ஒன்றை இணையத்தின் வழியே உலகத்தார் அனைவருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. மின்சுற்றுகளும் மின்னணுவியலும் என்பது அப்பாடம். பொறியியல் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு மாணவருக்கு உரிய தரம். அந்த ஒரு பாடத்துக்கு மட்டும் பெயர் பதிந்துகொண்டவர்கள் எத்தனை பேர் தெரியுமா? 1,54,763 பேர்!

அவ்வளவு பெரிய கூட்டம் எப்படிக் கரைந்தது என்பதைப் பாருங்கள். முதல் வாரக் கணக்குகளைத் திறந்தாவது பார்த்தவர்கள் ஏறத்தாழ 69,000 பேர். அவற்றில் ஒரு மதிப்பெண்ணாவது பெற்றவர்கள் 26,000 சொச்சம். இடைத்தேர்வில் ஒரு மதிப்பெண்ணேனும் எடுத்தவர்கள் 10,500 பேர். இறுதியில் சான்றிதழ் பெற்றவர்கள் 7,157 பேர். நூற்றுக்கு ஐவர்கூட இல்லை.

மற்றவர்கள் எங்கே போனார்கள்? 'இக்காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை கிடையாது' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் வந்தவர்களில் வேலை பார்க்கும் பொறியாளர்கள் இருந்தனர், ஆசிரியர்கள் இருந்தனர். வேடிக்கை பார்க்க எட்டிப் பார்த்தவர்களும் உண்டு. அவர்களைத் தோற்றவர்கள் என்று எண்ணுவது நியாயமன்று. சரி, அவர்களைக் கழித்துவிடுவோம். முதல் வாரக் கணக்கைப் போட்டு மதிப்பெண் வாங்கிய 26,000 பேர் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் அல்லரே! அவர்களிலும் ஏறத்தாழ முக்கால் பங்கினர் வழியிலேயே நின்றுவிட்டனர்.

இந்தப் புதிர் கணிப்பொறியோடு பிறந்ததன்று. ஆசிரியர் ஓரிடத்திலும் மாணவர் வேறோரிடத்திலும் இருந்து படிக்கத் தொடங்கிய நாளிலிருந்தே உடன் வருவது. ஆகவே அதன் வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கிச் சென்று பார்ப்பது பயன் தரும்.

ஒரு பென்னித் தபால்

தட்டெழுத்துப் பள்ளிகளில் சுருக்கெழுத்துப் பயின்றவர்கள் உங்கள் வீட்டுப் பெரியவர்களில் யாரேனும் இருப்பார்கள். அவர்களுக்கு ஐசக் பிட்மன் என்னும் பெயர் நன்கு அறிமுகமானது. 1837இல் தம் சுருக்கெழுத்து முறையை வெளியிட்ட பிட்மன், இங்கிலாந்தில் பாத் என்னும் ஊரில் வாழ்ந்தவர். அந்நாளில் கடிதம் அனுப்புவது செலவு மிக்க காரியம். தூரத்துக்குத் தக்கபடி கட்டணம். அதையும் பெரும்பாலும் கடிதத்தைப் பெறுபவர்தாம் கொடுக்க வேண்டும். 1840இல் நாடு முழுவதற்கும் ஒரே கட்டணமாக ஒரு பென்னி என்று தபால் இலாகா ஏற்பாடு செய்தது. பிட்மன் இந்த வாய்ப்பை உடனே பற்றிக்கொண்டார். பாடத்தை ஒரே தாளில் அச்சிட்டுத் தபாலில் அனுப்பினார். மாணவர்கள் ஒரு பகுதியைச் சுருக்கெழுத்தில் எழுதித் திருப்பி அனுப்ப வேண்டும். அது திருத்தப்பட்டு அவர்களிடமே மீளும்.

இதில் கவனிக்க வேண்டியது பாடம் தபாலில் சென்றதன்று. தபாலில் புத்தகம் செல்வது பழைய சங்கதி. மாணவர் எழுதியது திரும்பி வந்ததும், அதன்மேல் ஒரு மனிதரின் திருத்தம் விழுந்ததுமே புதுமை. வேலை பெருகியபோது திருத்துவதற்கென்றே 1843இல் ஒரு சங்கம் அமைக்கப்பட்டது என்றால் அதன் இன்றியமையாமையை ஊகித்துக்கொள்ளலாம்.

1873இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் அன்னா எலியட் டிக்னர் என்னும் அம்மையார் வீட்டுப் படிப்பை ஊக்குவிக்கும் சங்கம் ஒன்றை நிறுவினார். கல்லூரி வாயில் பெண்களுக்குப் பெரும்பாலும் அடைத்துக் கிடந்த காலம் அது. வரலாறு, அறிவியல், இலக்கியம், மொழிகள் முதலியவற்றைப் பெண்கள் வீட்டிலிருந்தே படித்தனர். கற்பித்தவர்களும் பெண்களே. ஒவ்வொரு மாணவிக்கும் ஓர் ஆசிரியை, மாதந்தோறும் கடிதம். என்ன படித்தாய், எது விளங்கவில்லை, வீட்டில் நேரம் கிடைக்கிறதா என்றெல்லாம் விசாரித்து எழுதுவார்கள். நூல்களும் தபாலிலேயே இரவல் தரப்பட்டன. சங்கம் நடந்த சுமார் 24 ஆண்டுகளில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இவ்வாறு படித்தனர். பட்டம் இல்லை, பதவி இல்லை; ஆயினும் படித்தார்கள். டிக்னர் அம்மையார் 1896இல் காலமானார். மறு ஆண்டு சங்கமும் முடிவுற்றது. ஒருவருடைய உழைப்பை நம்பி நின்ற அமைப்பு அது. அதன் பலமும் அதுவே, பலவீனமும் அதுவே.

நின்றவர்களால் வந்த இலாபம்

இதற்கு நேர்மாறான ஒரு கதை பென்சில்வேனியாவின் நிலக்கரிச் சுரங்கங்களில் தொடங்குகிறது. சுரங்கங்களில் விபத்துகள் மலிந்திருந்தன. 1869இல் ஏவண்டேல் சுரங்கத்தில் மூண்ட தீயில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பின்னர் 1885இல் வந்த சட்டம், சுரங்க மேற்பார்வையாளர்கள் பாதுகாப்பு பற்றிய தேர்வில் தேற வேண்டும் என்றது. பள்ளிப் படிப்பில்லாத தொழிலாளி எங்கே போய்ப் படிப்பான்? ஸ்கிராண்டன் நகரில் தாமஸ் ஃபாஸ்டர் என்பவர் சுரங்கத் தொழில் பற்றிய பத்திரிகை நடத்திவந்தார். தொழிலாளர்கள் அனுப்பும் ஐயங்களுக்கு அதில் விடை எழுதினார். அந்த வினா-விடைப் பகுதியே வளர்ந்து 1891இல் அஞ்சல்வழிப் பாடமாயிற்று.

நோக்கம் நல்லது, தேவையும் உண்மையானது. ஆனால் தொழில் பெருகியபோது அதன் குணம் மாறியது. ஊர் ஊராகச் சென்று ஆள் சேர்க்கும் முகவர்கள் வந்தனர். 1920களின் தொடக்கத்துக்குள் சேர்ந்தோர் தொகை 20 லட்சத்தைக் கடந்தது. முடித்தவர்களோ மிகச் சிலர். இதைப் பார்த்து ஏராளமான போட்டிப் பள்ளிகள் முளைத்தன. அவற்றுள் பலவற்றின் கணக்கு விசித்திரமானது. பணம் முதலிலேயே வசூலாகிவிடும். பாடம் அனுப்புவதும் விடைத்தாள் திருத்துவதும் பின்னால் வரும் செலவு. மாணவர் நான்காம் பாடத்தோடு நின்றுவிட்டால் மீதிச் செலவு மிச்சம்! நின்றவர்களாலேயே இலாபம் வருமானால், அவர்களைத் தொடரச் செய்ய யார் மெனக்கெடுவார்கள்? ஒரு மாணவர் படிப்பை விடும்போது குற்றம் அவருடையது என்று மட்டும் எண்ணும் பழக்கம் நமக்கு உண்டு. அவர் தொடர்வதில் அக்கறை கொண்டவர் எதிர்ப்புறத்தில் யாரேனும் இருந்தாரா என்பதையும் கேட்டுப் பார்க்க வேண்டும்.

வானொலியும் தொலைக்காட்சியும்

20ஆம் நூற்றாண்டில் புதுக் கருவி வரும்போதெல்லாம் ஆசிரியருக்கு வேலை போயிற்று என்ற பேச்சு எழுந்தது. சலனப்படம் வந்தபோது எடிசனே 1913இல் பள்ளிகளில் நூல்களுக்கு இனி இடமிராது என்ற கருத்தை வெளியிட்டார். அடுத்து வானொலி, அதன்பின் தொலைக்காட்சி. நூல்கள் இன்னும் இருக்கின்றன.

பிரிட்டனில் 1963இல் ஹரால்டு வில்சன் 'வான்வழிப் பல்கலைக்கழகம்' ஒன்றைப் பற்றிப் பேசினார். ஒலிபரப்பே கற்பித்துவிடும் என்பது அப்பெயரின் உட்பொருள். ஆனால் திட்டத்தை உருவாக்கியவர்கள் விரைவில் உண்மையை உணர்ந்தனர். 1969இல் அது திறந்தநிலைப் பல்கலைக்கழகம் என்ற பெயரில் சாசனம் பெற்றது. 1971 ஜனவரியில் சுமார் 24,000 மாணவர்களுடன் பாடங்கள் தொடங்கின. நுழைவுத் தகுதி எதுவும் கேட்கவில்லை. பி.பி.சி. தொலைக்காட்சியில் விடியற்காலையிலும் பின்னிரவிலும் வந்த நிகழ்ச்சிகளே ஊரார் கண்ணில் பட்டன. பல்கலைக்கழகத்தைத் தாங்கியவையோ வேறு: அக்கறையோடு எழுதப்பட்ட அச்சுப் பாடங்கள், ஒவ்வொரு மாணவருக்கும் பகுதிநேர ஆசிரியர் ஒருவர், விரிவான குறிப்புகளோடு திரும்பி வரும் விடைத்தாள்கள், ஊர்தோறும் படிப்பு மையங்கள், கோடையில் ஒரு வாரம் எல்லாரும் கூடித் தங்கிப் படிக்கும் முகாம். தொலைக்காட்சிப் பாடங்கள் 2006இல் நின்றுபோயின, பல்கலைக்கழகம் நிற்கவில்லை.

நம் நாட்டில் தில்லிப் பல்கலைக்கழகம் 1962இல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் மதுரைப் பல்கலைக்கழகம் 1971இல் அவ்வழியில் இறங்கியது. பகலில் அலுவலகம், இரவில் தபாலில் வந்த பாடக்கட்டு என்று பட்டம் பெற்ற எத்தனையோ பேரை நாம் அறிவோம். விடுமுறை நாள்களில் நடந்த நேர்முக வகுப்புகளின் அருமையை அவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். 1984 ஆகஸ்டு 15 அன்று பல்கலைக்கழக மானியக்குழு தூர்தர்ஷன் வழியே கல்லூரி மாணவர்களுக்கென நாடு தழுவிய வகுப்பறையை ஆரம்பித்தது. நல்ல நிகழ்ச்சிகள் பல வந்தன. ஆனால் தொடக்கத்தில் ஆங்கிலத்திலேயே வந்தன. தமிழ்வழியில் படித்த மாணவர் தொலைக்காட்சிப் பெட்டியிடம் ஐயம் கேட்க முடியுமா?

நாடாவை நிறுத்திய பொறியாளர்

இவ்வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த சோதனை 1970களில் கலிஃபோர்னியாவில் நடந்தது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பொறியியல் வகுப்புகளை அருகிலுள்ள தொழிற்சாலைகளின் பொறியாளர்கள் தொலைக்காட்சி மூலம் பார்த்துவந்தனர். ஹியூலெட்-பக்கார்டு நிறுவனத்தின் சாண்டா ரோசா ஆலையோ ஒளிபரப்பு எட்டாத தொலைவில் இருந்தது. ஜேம்ஸ் கிப்பன்ஸ் என்ற பேராசிரியரும் அவருடைய கூட்டாளிகளும் என்ன செய்தார்கள்? வகுப்பில் நடப்பதை அப்படியே வீடியோ நாடாவில் பதிந்து அனுப்பினார்கள். ஒத்திகை இல்லை, அலங்காரம் இல்லை.

அங்கே மூவர் முதல் பத்துப் பேர் வரை ஒரு சிறு குழுவாக அமர்ந்து நாடாவைப் பார்ப்பார்கள். உடன் ஒரு வழிகாட்டி இருப்பார். அவர் பேராசிரியர் அல்லர். அதே ஆலையில் பணிபுரியும் பொறியாளர். ஐந்து பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நாடாவை நிறுத்துவார். 'இது விளங்கிற்றா? இந்தப் படி எப்படி வந்தது?' என்று பேச்சு நடக்கும். பிறகு நாடா தொடரும். அவ்வளவுதான்.

முடிவுகள் 1977இல் 'சயன்ஸ்' இதழில் வெளிவந்தன. இக்குழுவினர் பல்கலைக்கழக வகுப்பறையில் நேரில் அமர்ந்து கேட்ட மாணவர்களைவிட நன்றாகவே தேறினர். அவர்களுள் ஸ்டான்ஃபோர்டில் இடம் பெறும் தகுதி இல்லாதவர்களும் இருந்தனர் என்பது கவனிக்கத்தக்கது. அதே நாடாவை வழிகாட்டி இன்றிப் பார்த்தவர்கள் பின்தங்கினர். பாடம் ஒன்றே, பேராசிரியர் ஒருவரே, நாடாவும் ஒன்றே. வேறுபாடு, நிறுத்திப் பேசியதில் இருந்தது.

ஏறத்தாழ அதே காலத்தில் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் பிளேட்டோ என்னும் கணிப்பொறிக் கல்வி முறையிலும் ஒரு வேடிக்கை நிகழ்ந்தது. 1960இல் டொனால்டு பிட்சர் தொடங்கியது அது. பாடம் நடத்தவே உருவாக்கப்பட்ட கணிப்பொறியில், 1973இல் பயனாளர்கள் ஒருவருக்கொருவர் குறிப்பு எழுதிக்கொள்ளும் வசதி சேர்ந்தது. இளைஞர்கள் அதை விட்டு எழுந்திருக்க மறுத்தனர்! இயந்திரத்துக்கு அப்பால் இன்னொரு மனிதர் இருக்கிறார் என்ற உணர்வு எவ்வளவு வலிமையானது என்பதற்கு இது சான்று.

ஒரே பல்கலைக்கழகம், இரண்டு சோதனைகள்

இனி 2012க்குத் திரும்புவோம். அந்த மின்சுற்றுப் பாடத்தை ஆராய்ந்தவர்கள் ஒரு செய்தியைக் கண்டனர். வீட்டிலோ கல்லூரியிலோ, அப்பாடம் படிக்கும் வேறொருவருடனோ துறை அறிந்த ஒருவருடனோ சேர்ந்து படித்தவர்கள், மற்றவை எல்லாம் சமமாக இருக்கும்போது, தனியே படித்தவர்களைவிடச் சராசரி ஏறத்தாழ 3 மதிப்பெண் கூடுதலாக எடுத்தனர். அப்பாடத்தில் முழு மதிப்பெண் பெற்ற மங்கோலிய நாட்டுச் சிறுவன் ஒருவனைப் பத்திரிகைகள் கொண்டாடின. உலான்பாதர் நகரில் அவன் பள்ளிக்கு ஸ்டான்ஃபோர்டிலிருந்து ஓர் இளைஞர் ஆய்வுக் கருவிகளுடன் நேரில் வந்து, அங்கேயே தங்கி, மாணவர் குழுவுக்குத் துணை நின்றார் என்ற செய்தி அவ்வளவாகப் பரவவில்லை.

சான் ஹோசே அரசுப் பல்கலைக்கழகம் 2012 இலையுதிர்ப் பருவத்தில் அதே மின்சுற்றுப் பாடத்தை வேறுவிதமாகக் கையாண்டது. மாணவர்கள் வீட்டில் வீடியோவைப் பார்த்துவிட்டு வர வேண்டும். வகுப்பில் விரிவுரை கிடையாது. சிறு குழுக்களாக அமர்ந்து கணக்குப் போடுவார்கள், பேராசிரியர் அவர்களிடையே சுற்றி வருவார். தேறியவர்கள் நூற்றுக்கு 91 பேர். பழைய முறையில் நடந்த மற்ற இரு பிரிவுகளில் 59 பேரும் 55 பேருமே தேறினர்.

இந்த வெற்றியின் சூட்டோடு 2013 ஜனவரியில் அதே பல்கலைக்கழகம் உடாசிட்டி என்னும் நிறுவனத்துடன் சேர்ந்து, வகுப்பறையே இல்லாமல் மூன்று பாடங்களை முழுக்க முழுக்க இணையத்தில் நடத்தியது. கணிதப் பாடங்கள் இரண்டிலும் பாதிக்கும் குறைவானவர்களே தேறினர். ஜூலையில் திட்டம் நிறுத்திவைக்கப்பட்டது. இரண்டையும் அப்படியே ஒப்பிடுவது சரியாகாது. பின்னதில் சேர்ந்தவர்களுள் முன்னரே கணிதத்தில் தவறியவர்கள் பலர். சிலரிடம் தொடக்கத்தில் சொந்தக் கணிப்பொறிகூட இல்லை. ஆனால் அதில்தான் வேதனை இருக்கிறது. துணை மிகுதியாகத் தேவைப்பட்டவர்களுக்கே துணையற்ற முறை வாய்த்தது. உதவி கேட்க வழி இருந்தும் அது இருப்பதே பல மாணவர்களுக்குத் தெரியவில்லை. யார் தேறினார்கள் என்று ஆராய்ந்தபோது, வயதோ பின்னணியோ அன்று, எத்தனை பயிற்சிக் கணக்குகளை முடித்து அனுப்பினார்கள் என்பதே எல்லாவற்றிலும் பலமான அடையாளமாகத் தெரிந்தது.

நிமிடக் கணக்கு

வீடியோவின் நீளத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2014இல் வெளியான ஓர் ஆய்வு, நான்கு இணையப் பாடங்களில் மாணவர்கள் வீடியோ பார்த்த 69 லட்சம் தடவைகளை அலசியது. வீடியோ எவ்வளவு நீளமாயினும், பார்ப்பவர்கள் அதில் தங்கும் இடைநிலை நேரம் 6 நிமிடத்தைத் தாண்டவில்லை! பேராசிரியர் எழுதிக்கொண்டே பேசும் பாடங்களில் மாணவர்கள் கூடுதலாகத் தங்கினர். வெறும் படவில்லைகளைக் காட்டி விளக்கியவற்றில் குறைவாக.

அப்படியானால் எல்லாவற்றையும் ஆறு நிமிடமாக நறுக்கிவிட்டால் போதுமா? 2013இல் ஹார்வர்டில் செய்த ஒரு சோதனையைக் கேளுங்கள். புள்ளியியல் பற்றிய 21 நிமிட விரிவுரை ஒன்றை நான்கு துண்டாக்கினர். ஒரு சாராருக்குத் துண்டுதோறும் சிறு தேர்வு. மற்றவர்களுக்குத் துண்டு மட்டும் உண்டு, தேர்வு இல்லை. தேர்வு எழுதியவர்களிடம் மனம் அலைபாய்வது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. குறிப்பெடுப்பது ஏறத்தாழ மும்மடங்காயிற்று. எனவே நறுக்கியது மட்டும் போதவில்லை. இடையில் மாணவரை ஏதாவது செய்ய வைக்க வேண்டியிருந்தது. சாண்டா ரோசா ஆலையின் வழிகாட்டி இதைக் கைவழக்கமாகவே செய்திருக்கிறார் பாருங்கள்.

மாணவரின் மனத்தைத் தூண்டும் சிறு உபாயங்களும் பார்க்கப்பட்டன. எந்த நாளில், எந்த நேரத்தில், எங்கே அமர்ந்து படிப்பேன் என்று முதலிலேயே எழுதச் சொல்வது அவற்றுள் ஒன்று. 2020இல் வெளியான மிகப் பெரிய ஆய்வு சுமார் 250 பாடங்களில் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் இதைச் சோதித்தது. முதற் சில வாரங்கள் பலன் தெரிந்தது, பின்னர் மங்கிவிட்டது. மந்திரம் ஒன்றும் இல்லை போலும். ஹார்வர்டு, மாசசூசெட்ஸ் ஆகிய இரண்டின் ஆறாண்டு இணையப் பாடங்களை 2019இல் ஆராய்ந்தவர்கள் கண்டது இன்னும் கடுமையானது. பெயர் பதிந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பாடத்துக்குள் நுழையவே இல்லை. 2017-18இல் முடித்தவர்கள் நூற்றுக்கு 3 பேர். கட்டணம் செலுத்தியவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் 46 பேர். பணம் கொடுத்ததால் படித்தார்களா, படிக்கும் உறுதி இருந்ததால் பணம் கொடுத்தார்களா என்பது வேறு கேள்வி.

வீட்டுக்குள் வந்த வகுப்பு

2020 மார்ச்சில் கொள்ளைநோயால் நம் கல்லூரிகள் மூடப்பட்டபோது இணையப் பாடம் விருப்பப் பாடமாக இல்லாமல் கட்டாயமாயிற்று. அதற்குச் சற்று முன், 2017-18இல் எடுத்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின்படி, இந்தியக் குடும்பங்களில் இணைய வசதி பெற்றவை நூற்றுக்கு 24. கணிப்பொறி வைத்திருந்தவை 11. ஒரே கைப்பேசியை அண்ணனும் தங்கையும் பங்கிட்டுக்கொண்ட வீட்டில் ஈடுபாடு பற்றி என்ன பேசுவது? யாருக்கு எந்த வகுப்பு என்பதே அன்றாடப் பஞ்சாயத்து.

காமிராவை அணைத்து வைக்கும் மாணவர்களைப் பற்றி ஆசிரியர்கள் அலுத்துக்கொண்டதும் அப்போதுதான். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் காரணம் கேட்டார்கள். தங்கள் தோற்றம் பற்றிய கூச்சம் என்றவர்கள் ஐந்தில் இருவர். தம் பின்னால் வருபவர் போகிறவரும் வீட்டின் நிலையும் தெரியுமே என்றவர்களும், இணைய இணைப்பு போதவில்லை என்றவர்களும் இருந்தனர். பாடத்தில் அக்கறையின்மை என்று வெளியே தெரிந்ததற்குள் இத்தனை இருந்தன.

நம் நாட்டு ஐ.ஐ.டி.க்களும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். திட்டத்தில், முதலில் வீடியோக்களும் எழுத்து வடிவிலான இணையப் பாடங்களும் மட்டுமே இருந்தன. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம். 2014 முதல் அதே பாடங்கள் வாரக் கணக்கில் நடக்கத் தொடங்கின; வாரந்தோறும் பயிற்சி, அதற்கு ஒரு கடைசி நாள். பாடம் இலவசம், சான்றிதழ் வேண்டுவோர் கட்டணம் செலுத்தித் தேர்வு மையத்துக்கு நேரில் சென்று எழுத வேண்டும். தமிழ்நாட்டுக் கல்லூரிகள் பலவற்றில் இதற்கென ஓர் ஒருங்கிணைப்பாசிரியரும், பாடந்தோறும் துணைநிற்கும் ஆசிரியர்களும் உள்ளனர். பாடம் நடத்துவது அவர்கள் வேலையன்று, அதை ஐ.ஐ.டி. பேராசிரியர் திரையில் நடத்திவிடுகிறார். இந்த வாரப் பயிற்சியை அனுப்பினாயா, எங்கே தடைப்பட்டது என்று மாணவரை நிறுத்திக் கேட்பதற்கு அவர்கள் இருக்கிறார்கள். உங்கள் கல்லூரியில் அப்படி ஒருவர் இருந்தால், அவர் அறை எதுவென்று இப்போதே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.